தண்ணீர் வடக்கே போகும் தெரு

கல்லூரியில் புவியியல் முதலாண்டு படித்தபோது, அவரவர் ஊரில் உள்ள ஒரு நிலத்தோற்றத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னார்கள். திருத்தணிப் பக்கத்துப் பெண் மலையைப் பற்றி எழுதினாள். பூண்டிப் பக்கத்துப் பெண், ஆற்றுக்கு வெகு உயரத்தில் சிவப்பு மண்ணுக்குள் கிடக்கும் உருண்டைக் கூழாங்கற்களைப் பற்றி எழுதியதோடு இரண்டு கற்களையும் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். பழவேற்காட்டுப் பெண்ணுக்கு ஒரு பெரிய உப்புநீர் ஏரியே இருந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. எங்கள் தெரு கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, கடலை நோக்கிப் போகிற சமவெளியில் இருக்கிறது. பந்தை வைத்தால் உருளாத தரை. "எங்கள் ஊரில் நிலத்தோற்றம் எதுவும் இல்லை" என்று முதல் வரியை எழுதினேன். மீதிப் பக்கத்தைப் பட்டியலால் நிரப்பினேன்: மண்ணின் நிறம், பனைகள் நிற்கும் இடம், கிணறுகளின் ஆழம். தாள் திரும்பி வந்தபோது முதல் வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது. மதிப்பெண் குறையவில்லை என்பதால் அதைப் பற்றி நான் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

படிப்பு முடிந்து, ஒரு நில அளவை நிறுவனத்தில் சேர்ந்து, பிறர் ஊர்களின் மேடு பள்ளங்களை ஐந்து வருடம் அளந்த பிறகுதான் அந்தக் கேள்விக்குறிக்குப் பதில் தேட வேண்டி வந்தது. அதுவும் தெருவில் தண்ணீர் நின்றதால்.

எங்கள் தெருவில் இரண்டு வரிசை வீடுகள். எங்கள் வரிசையில் பெரும்பாலும் இந்துக்கள், எதிர் வரிசையில் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். இரண்டு வரிசையிலும் தாத்தா காலம்வரை பிறர் வயலில் கூலி வேலை; இப்போது எல்லோரும் கம்பெனி. காலை ஆறு மணிக்குத் தேர்வாய் கண்டிகை போகும் பஸ் தெருமுனையில் ஆட்களை ஏற்றிக்கொள்ளும். மேற்கே கம்பெனிக் கொட்டகைகள் வரிசையாக எழும்பியபோது ஒவ்வொன்றும் கிராவல் கொட்டித் தன் தரையை உயர்த்திக்கொண்டது. அதனால் கடந்த இரண்டு மழைக்காலமும் எங்கள் தெருவில் தண்ணீர் வந்து தங்கியது. எதை முதலில் பரண்மேல் ஏற்ற வேண்டும் என்று சமையலறைக் கதவின் உட்புறத்தில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறேன். முதலில் சான்றிதழ்கள், பிறகு அரிசி டிரம், பிறகு கிரைண்டர். அம்மா கிரைண்டரைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும் என்பாள்.

தெருவிலேயே தாழ்ந்த வீடு எதிர்வீட்டு அத்தையுடையது. அம்மா அவருக்கு அண்ணி முறை. தண்ணீர் முதலில் அங்கே நுழையும், கடைசியில் அங்கிருந்து வடியும். அவருடைய ஒரே மகள் என்னோடு பள்ளியில் படித்தவள். கடம்பத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த வருடம் ஆடி மாதம், அவள் முதல் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தாள். கார்த்திகை முதல் வாரம் என்று நாள் சொல்லியிருந்தார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஆனால் முந்தைய மழையின்போது சம்பந்தி வீட்டார் ஒருமுறை வந்து, முழங்கால் தண்ணீரில் நின்று, கட்டிலின் கால்களுக்கு அடியில் அடுக்கியிருந்த செங்கற்களைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"வளைகாப்பு வெச்சிக்கலாம், பொண்ண மட்டும் அனுப்ப மாட்டோம்னு சொல்லிட்டாங்க," என்றார் அத்தை என் அம்மாவிடம். "பச்ச ஒடம்பும் கைக்கொழந்தையுமா இந்தத் தண்ணியில எப்டின்னு கேக்கறாங்க. இன்னா பதில் சொல்றது நானு?"

அவர்கள் கேட்டது நியாயம்தான். அதுதான் அத்தைக்குத் தாங்கவில்லை.

ஆவணியில் நல்ல செய்தி வந்தது. தெருவுக்கு மழைநீர்க் கால்வாய் கட்ட ஒப்புதல் ஆகிவிட்டது. தெருவின் கிழக்கு முனையிலிருந்து, இடுகாட்டு ஓரமாகப் போகும் பாதையிலேயே நேராகக் கிழக்கே போய், உப்பங்கழியில் சேரும் பெரிய வாய்க்காலில் விடுவதாகத் திட்டம். இரண்டரை அடி ஆழம். ஓவர்சியர் வந்து சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுவிட்டுப் போனார். வருகிற திங்கள் விட்டு அடுத்த திங்கட்கிழமை முளை அடிப்பதாகச் சொன்னார். தெருவில் யாருக்கும் மறுப்பு இல்லை. எனக்கும் இல்லை. கடல் கிழக்கே இருக்கிறது. தண்ணீர் கிழக்கேதான் போகும்.

இருந்தாலும் ஒரு காரியம் உறுத்தியது. திட்டத் தாளில் நீளம் இருந்தது, அகலம் இருந்தது, தரையின் உயரம் எங்கும் எழுதியிருக்கவில்லை. அலுவலகத்தில் கேட்டு, சனிக்கிழமை மாலை மட்டக்கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அதைப் பார்த்து அப்பா, "இன்னாமா, வேலைய ஊட்டுக்கே தூக்கிக்கினு வந்துட்ட?" என்றார். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம்.

"தண்ணி எந்தப் பக்கம் போவுதுன்னு ஒருதரம் பாத்துடலாம்னு, நைனா."

"அத மழைல பாத்தா தெரியாதா? நம்ம ஊட்டுக்குள்ள போவுது."

கருவியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். முக்காலியின்மேல் நிற்கும் ஒரு சிறிய தொலைநோக்கி, அவ்வளவுதான். அது உயரத்தை அளப்பதில்லை. சாயாத ஒரு பார்வைக்கோட்டைத் தரும். எதிரே ஒருவர் எண்கள் எழுதிய அலுமினியக் கோலைத் தரையில் நிறுத்திப் பிடிப்பார். கோட்டில் எந்த எண் தெரிகிறதோ அதைக் குறித்துக்கொள்வோம். எண் பெரிதானால் தரை பள்ளம், சிறிதானால் மேடு. தொலைவு அதிகமானால் கருவியைத் தூக்கி வேறிடத்தில் வைக்க வேண்டும். அப்போது கோல் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். பழைய இடத்திலிருந்து ஒரு முறை, புதிய இடத்திலிருந்து ஒரு முறை என்று அதே புள்ளியை இரண்டு முறை பார்த்தால்தான் கணக்கு அறுபடாமல் தொடரும். சுற்றிவிட்டுத் தொடங்கிய புள்ளிக்கே வந்து முடிக்க வேண்டும். தொடங்கிய உயரமே திரும்பக் கிடைத்தால் அளவு சரி.

ஞாயிறு காலை, தெருமுனைச் சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் தொடங்கினேன். கோலைப் பிடிக்க அம்மா வந்தாள். எதிர்வீட்டு அத்தை வேடிக்கை பார்க்க வந்தார். அம்மா நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு கோலை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்து நின்றதைப் பார்த்து அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அண்ணி, கொடிக்கம்பம் மாரி கீறீங்க. கொடிதான் இல்ல."

"நீ வந்து புடிச்சிப் பாரு. கை விட்டுப் போவுது."

அத்தை போகிற வழியெல்லாம் கைப்பேசியில் படம் பிடித்து, உடனுக்குடன் மகளுக்கு அனுப்பினார். தெருவை முடித்து, இடுகாட்டுப் பாதையில் ஏறி, மூன்று புள்ளிகள் எடுத்தோம். நான் கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு கிழக்கே நடக்கத் தொடங்கியபோது, தெருவிலிருந்து யாரோ கத்தினார்கள்: "தண்ணி வந்துச்சேய்!" எங்கள் தெருக் குழாயில் ஞாயிற்றுக்கிழமை குடிநீர் எப்போது வரும் என்று சொல்ல முடியாது; வந்தால் முக்கால் மணி நேரம்தான். அம்மா கோலை அத்தையிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். நான் திரும்பிப் பார்த்தபோது அத்தை அதே இடத்தில் கோலோடு நின்றிருந்தார். அங்கிருந்து கிழக்கு வாய்க்கால்வரை போய், வாய்க்கால் ஓரமாகவே வடக்கே நடந்து, மாடுகள் மேயும் புறம்போக்குப் பள்ளம் வழியாகத் தெருவுக்குத் திரும்பி, பாலத்தில் முடித்தோம். அத்தை களைக்காமல் பிடித்தார்.

மதியம் கணக்குப் போட்டேன். முதல் வியப்பு: தெருவிலிருந்து கிழக்கே தரை இறங்கவில்லை, ஏறியது. இடுகாடு எங்கள் தெருவைவிட ஒரு மீட்டருக்கு மேல் உயரம். நூற்றைம்பது மீட்டர் தூரத்தில் மெதுவாக ஏறுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, சைக்கிளில் போகும்போது காலுக்கும் தெரிவதில்லை. அதைத் தாண்டிய பிறகுதான் வாய்க்காலை நோக்கி இறங்கியது. இரண்டரை அடிக் கால்வாயை அந்த வழியாகக் கட்டினால் தண்ணீர் முதலில் ஏற வேண்டும். அது ஏறாது, கால்வாய் நிறையத் தேங்கி, எதிர்வீட்டு வாசலிலேயே நிற்கும்.

இரண்டாவது: தரை உண்மையில் இறங்கியது வடக்கே. புறம்போக்குப் பள்ளம் வழியாக முந்நூறு மீட்டர் போனால் ஓர் ஓடை இருக்கிறது; அது போய் அதே கழியில் சேர்கிறது. ஆனால் இறக்கம் மிகக் குறைவு. பதினாறரை சென்டிமீட்டர்.

மூன்றாவதுதான் மோசம். சுற்றிவிட்டுப் பாலத்துக்கே திரும்பி வந்தபோது, பாலம் ஏழரை சென்டிமீட்டர் உயர்ந்திருந்தது. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். காலையில் இருந்ததைவிட மதியம் பாலம் ஏழரை சென்டிமீட்டர் மேலே.

"ஏழரையா?" என்றார் நைனா. "புடிச்சிச்சின்னா லேசுல உடாதே அது."

புதன்கிழமை அரைநாள் விடுப்பு போட்டு, தாளோடு ஓவர்சியரைப் போய்ப் பார்த்தேன். பொறுமையானவர். மேசைமேல் எட்டு ஊர்களின் கோப்புகள் இருந்தன. நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"க்ளோசிங் எவ்ளோ மேடம்?"

மறைக்க நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம். "ஏழரை சென்டிமீட்டர் தப்பு வருது சார்," என்றேன்.

அவர் தாளை என் பக்கம் தள்ளினார். "நீங்க வடக்கால இருக்குன்னு சொல்ற இறக்கமே பதினாறு. அதுல பாதி அளவு தப்பு. இத வெச்சி நான் எப்டி லைன மாத்துறது? நாளைக்கி வடக்கயும் தண்ணி போகலன்னா, உங்களத் தேட மாட்டாங்க, என்னத்தான் தேடுவாங்க. க்ளோஸ் பண்ணிக்கினு வாங்க. திங்கக்கெழம காலைல நான் அங்க வருவேன்."

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். பஸ்ஸில் திரும்பும்போது ஒரு சந்தேகப் பட்டியல் எழுதினேன். ஒன்று, கருவியின் கோளாறு. இரண்டு, மணலில் முக்காலி இறங்கியது. மூன்று, நான் எண்ணைத் தவறாகப் படித்தது. நான்கு, கூட்டல். கருவியை அன்று மாலையே சோதித்தேன், சரியாக இருந்தது. கூட்டல் சரி. முக்காலி ஏழரை சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் கருவியில் மட்டம் காட்டும் குமிழி கலைந்திருக்கும். எண்ணைத் தவறாகப் படித்தால் பிழை முழு எண்ணாக வரும், பத்தாகவோ நூறாகவோ. ஏழரை என்பது யாரோ வேண்டுமென்றே வைத்தது போல இருந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது இடுகாடு மேடாக இருக்கிறது என்று நைனாவிடம் சொன்னேன்.

"அது மேடுதான?" என்றார், நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடாதது போல. "அதனாலதான அங்க பொதைக்கறாங்க. எத்தினி மழைல குழி வெட்டிக்கிறோம், தண்ணி ஊறாது. கீழ மணலு. மூணடி போனா சிப்பி வரும்."

"இன்னா சிப்பி?"

"கடல் சிப்பிதான். கைப்புடி கைப்புடியா. மம்முட்டில கரகரன்னு மாட்டும்."

எங்கள் தெருவில் யார் இறந்தாலும் ஆண்கள் முறை வைத்துக் குழி வெட்டுவார்கள். எந்த வரிசை வீடானாலும் முறை ஒன்றுதான். அடக்கத்தின்போது பெண்கள் அங்கே போவதில்லை. அதனால், தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்த ஒரு செய்தி, ஊர் மண்ணைப் பட்டியல் போட்ட எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

மறுநாள் காலை, வேலைக்குப் போகும் வழியில் அங்கே போனேன். எலி வளைக்கு வெளியே தள்ளியிருந்த மண்ணை விரலால் கிளறினேன். நகத்தளவு வெள்ளைச் சிப்பிகள், விளிம்பு மழுங்கியவை. எழுந்து நின்று பார்த்தேன். மேடு தெற்கிலிருந்து வடக்காகப் போனது. அதன் முதுகில் மட்டும் பனைகள் ஒரே வரிசையில் நின்றன. மேற்கே, எங்கள் தெருவுக்கு அப்பால், அதேபோல் இன்னொரு பனை வரிசை. இரண்டுக்கும் நடுவே பள்ளத்தில் நாங்கள். கடல் ஒரு காலத்தில் இங்கே வந்து நின்றிருக்கிறது. அலை மணலையும் சிப்பியையும் தள்ளி ஒரு கரை போட்டிருக்கிறது. பிறகு பின்வாங்கி, கிழக்கே போய், இன்னொரு கரை போட்டிருக்கிறது. உப்புத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிய குடத்தில் வளையம் வளையமாகக் கோடு விழுமே, அப்படி. அந்த வளையங்களுக்கு நடுவே விழுந்த மழை, கரையைத் தாண்டிக் கடலுக்கு நேராகப் போக முடியாது. கரையை ஒட்டியே பக்கவாட்டில் போய், எங்கே கரை உடைந்திருக்கிறதோ அங்கேதான் வெளியேறும்.

நிலத்தோற்றம் இல்லாத ஊர் என்று எழுதிக்கொடுத்தவள் நான். எட்டு மணி ரயிலைத் தவறவிட்டேன்.

ஆனால் சிப்பியைக் காட்டி ஓவர்சியரை நம்ப வைக்க முடியாது. அவருக்கு வேண்டியது மூடிய கணக்கு.

அன்று மாலை, கடம்பத்தூரிலிருந்து தோழி கூப்பிட்டாள். வழக்கமாக அவள் கால்வீக்கத்தைப் பற்றியும் மாமியாரின் பத்தியச் சமையலைப் பற்றியும் பேசுவோம். அன்று நான்தான் புலம்பினேன்.

"ஏழரை சென்டிமீட்டர்டி. எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியல. அது மட்டும் சரியாயிட்டா நீ இங்க வரலாம்."

"நான் ஒண்ணு கேக்கவா? சிரிக்கக் கூடாது."

"கேளு."

"அந்தச் செங்கல்லயும் சேத்தா அளந்த?"

"எந்தச் செங்கல்லு?"

"எங்கம்மா போட்டோ அனுப்பிச்சாங்களே. ஒங்கம்மா கோல செங்கல்லு மேல வெச்சிக்கினு போஸ் குடுக்கறாங்க. நான்கூட அதுதான் மொறபோலன்னு நெனச்சேன்."

படத்தை எனக்கு அனுப்பச் சொன்னேன். பெரிதாக்கிப் பார்த்தேன். இடுகாட்டுப் பாதை. அம்மா நிமிர்ந்து நிற்கிறாள். கோலின் அடியில் ஒரு செங்கல், படுக்கை வாட்டில். நான் எதிர்வீட்டின் பின்புறம் போய், அடுக்கிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்து அளந்தேன். ஏழரை சென்டிமீட்டர்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, வெச்சேன்," என்றாள், சிறிதும் அசராமல். "சுடுகாட்டு மண்ணுல வெச்சத ஊட்டுக்குள்ள எப்டி எடுத்துக்கினு வர்றது? நீ ராத்திரி அத சாமி படத்துக்குக் கீழ சாத்தி வெக்கற. அதான் அங்க கெடந்த செங்கல்ல போட்டுக்கினேன். கோல் மண்ணுல படல. இதுல இன்னா தப்பு?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீ அந்த ஓட்டைல கண்ண வெச்சிக்கினே இருந்த. எப்ப சொல்றது?"

மீதியை அத்தை முடித்தார். குழாய்க்காக அம்மா ஓடியதும், செங்கல்மேல் கோல் ஆடியதாம். "இது இன்னாத்துக்குன்னு கால்ல தள்ளி உட்டுட்டு, கீழ வெச்சிப் புடிச்சேன். நல்லா ஸ்டெடியா இருந்துச்சே," என்றார் பெருமையோடு. நான் கருவியைத் தூக்கிக்கொண்டு முதுகைக் காட்டி நடந்த அந்த இரண்டு நிமிடத்தில் புள்ளி ஒரு செங்கல் அளவு கீழே இறங்கியிருக்கிறது. ஒருத்தி பக்தியாக வைத்தாள், இன்னொருத்தி பொறுப்பாக எடுத்தாள். என் சந்தேகப் பட்டியலில் அம்மாவும் இல்லை, அத்தையும் இல்லை. அவர்களிடம் கோலை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொன்னேன். எதன்மேல் வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பிழை என்னுடையது.

மகிழ்ச்சியான விஷயம் ஒன்று இருந்தது. செங்கல்லுக்குப் பிறகு எடுத்த புள்ளிகள் எல்லாம் கணக்கில் ஏழரை சென்டிமீட்டர் மேலே ஏறியிருந்தன. அப்படியானால் வடக்கு ஓடையும் கணக்கில் இருப்பதைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். இறக்கம் பதினாறரை இல்லை; இருபத்துநான்கு. தப்பு எங்களுக்கு எதிராகத்தான் வேலை செய்திருந்தது. ஆனால் கணக்கில் திருத்தினால் போதாது, திரும்ப அளக்க வேண்டும்.

அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "மண்ணுல வெச்சா அந்தக் கோலு ஊட்டுக்கு வரக் கூடாது. ஆபீஸ்லயே போய் வெச்சிக்கோ."

"மஞ்சத் தண்ணி தெளிச்சிட்டா போச்சு, அண்ணி."

"ஒங்களுக்கு அதெல்லாம் இல்ல, நீங்க பேசுவீங்க."

"இல்லன்னு யாரு சொன்னா? நானும்தான் அன்னிக்கி கால் கழுவிக்கினுதான் உள்ள போனேன்."

இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்தது. அம்மாவின் வழக்கத்தோடு சண்டை போடத் தேவையே இல்லை. எல்லாப் புள்ளியிலும் அதே செங்கல் இருந்தால், எல்லாப் புள்ளியும் ஏழரை சென்டிமீட்டர் உயரும், வித்தியாசம் மாறாது. நாங்கள் மணலில் வேலை செய்யும்போது கோலுக்கு அடியில் ஓர் இரும்புத் தட்டு வைப்போம், புதையாமல் இருக்க. நான் சோம்பலில் அதை அலுவலகத்திலேயே விட்டு வந்திருந்தேன். அம்மா தனக்குத் தெரியாமலே அந்த வேலையைச் செய்திருந்தாள். பாதியில் நின்றதுதான் கோளாறு.

"அம்மா, செங்கல் இருக்கட்டும். ஆனா கோலு போற எடமெல்லாம் அதே செங்கல் வரணும். கருவி எடம் மாறும்போது செங்கல் அசையக் கூடாது."

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் தொடங்கினோம். அம்மா கோலையும், அத்தை செங்கல்லையும் தூக்கிக்கொண்டார்கள். செங்கல்லின் மேல்முகத்தில் அடுப்புக்கரியால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். கோல் அதன்மேல்தான் நிற்க வேண்டும். பாலத்தின் சுவரில் செங்கல், தெருவில் செங்கல், இடுகாட்டில் செங்கல், மாடு மேயும் பள்ளத்தில் செங்கல். வழியில் போகிறவர்கள் கேட்டதற்கு அத்தை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் சொன்னார். ஒருவரிடம், "கோலுக்குக் கால் வலிக்குதாம்." இன்னொருவரிடம், "ஊடு கட்டப் போறோம், மொதல் கல்லு." குழாயில் தண்ணீர் வந்தது, யாரும் ஓடவில்லை. நைனாவைக் குடங்களோடு நிற்க வைத்திருந்தோம். அவர் அம்மாவின் குடத்தையும் அத்தையின் குடத்தையும் மாற்றி வைத்துவிட்டார் என்பது தனி வழக்கு.

பாலத்தில் முடிக்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. அங்கேயே சுவரில் உட்கார்ந்து கூட்டினேன். இரண்டு பேரும் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு மில்லிமீட்டர். வடக்கே இறக்கம் இருபத்துநான்கு சென்டிமீட்டர்.

"பாஸா?" என்றார் அத்தை.

"பாஸ் அத்த."

அவர் செங்கல்லை வாய்க்காலில் எறியப் போனார். திங்கட்கிழமை வேண்டியிருக்கும் என்று தடுத்தேன். பாலத்துக்கு அடியில் மறைத்து வைத்தோம்; வீட்டுக்குள் கொண்டுவர அம்மா விடவில்லை.

ஓவர்சியர் சொன்னபடி திங்கள் காலை வந்தார். கூடவே முளைக்கட்டைகளோடு இரண்டு ஆட்கள். என் தாளைப் பாலத்துச் சுவரிலேயே விரித்துப் படித்தார். மூன்று இடங்களைத் தானே பார்க்க வேண்டும் என்றார். தெரு, இடுகாட்டு மேடு, வடக்கு ஓடை. கருவியைத் திருகி, கண்ணை வைத்து, எண்களைத் தன் கையில் எழுதிக்கொண்டார். பிறகுதான் கோலின் அடியைக் கவனித்தார்.

"செங்கல்லு எதுக்கும்மா?"

"அது இல்லன்னா கணக்கு வராது சார்," என்றாள் அம்மா, அலுவல் தோரணையில்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். மூன்று எண்களையும் என் தாளோடு ஒப்பிட்டுவிட்டு, கிழக்கே போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டின் பக்கம் திரும்பினார்.

"இருபது வருஷமா எல்லா ஊர்லயும் கெழக்கதான் விட்டுக்கினு இருக்கேன்," என்றார். மேலிடத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும், பத்து நாள் ஆகும், ஆனால் இன்றைக்கு முளை அடிக்கப் போவதில்லை என்றார். கிளம்பும்போது, "அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுங்க," என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

பத்து நாள் மூன்று வாரமானது. கால்வாயை வடக்கே தோண்டத் தொடங்கியபோது புரட்டாசி பாதி. ஐப்பசி பிறந்தும் கடைசி நாற்பது மீட்டர் சிமென்ட் பூசாமல் வெறும் மண்வெட்டாகவே இருந்தது. கடம்பத்தூரில் வளைகாப்பு நடந்தது. நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். தோழியின் மாமியார் வளையல் அடுக்கியபடியே, "மொத மழைய நான் வந்து கண்ணால பாத்துட்டு சொல்றேன்," என்றார். அத்தை சிரித்த முகத்தோடு சந்தனத்தைத் தடவினார்.

மழை ஒரு வியாழக்கிழமை பிடித்தது. வெள்ளி முழுவதும் விடாமல் பெய்தது. நான் அலுவலகம் போகாமல் குடையோடு கால்வாய் ஓரத்தில் நடந்துகொண்டிருந்தேன். வேலையில் எத்தனையோ கால்வாய்களுக்கு அளவு கொடுத்திருக்கிறேன். எதையும் மழையில் போய்ப் பார்த்ததில்லை. தண்ணீர் அவசரப்படவில்லை. ஒரு காய்ந்த பனம்பூக் கொத்து மிதந்து வந்தது. எந்தப் பக்கம் போகும் என்று அதையே பார்த்தேன். அத்தை வீட்டு வாசலில் ஒரு சுற்றுச் சுற்றி, தயங்கி, வடக்கே திரும்பியது. பூச்சில்லாத இடத்தில் கரை கொஞ்சம் சரிந்தது. நைனாவும் இன்னும் நான்கு பேரும் மண்வெட்டியோடு நின்று வழித்துவிட்டார்கள். தெருவில் சேறு இருந்தது. வழுக்கல் இருந்தது. நின்ற தண்ணீர் இல்லை.

சனிக்கிழமை காலை, தூறலில், ஓர் ஆட்டோ தெருமுனையில் நின்றது. தோழியின் மாமியார் இறங்கினார். பின்னாலேயே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவளும். கையில் ஒரு பை. தங்குவதற்கா, பார்த்துவிட்டுத் திரும்புவதற்கா என்று பையின் அளவை வைத்துச் சொல்ல முடியவில்லை. அத்தை வாசலில் நின்றார்.

மாமியார் போன வருடத்து நினைவில், ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே புடவையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்திருந்தார். அப்படியே நடந்துவந்தார். எங்கள் வீட்டை நெருங்கினார். கால்வாயைக் குனிந்து பார்த்தார். "இது எங்க போவுது?" என்று என்னைக் கேட்டார்.

"வடக்க, ஓடைக்கு."

"கடலு அந்தாண்ட இல்ல கீது?"

"ஆமாங்க. நடுவுல ஒரு மேடு கீது. சுத்திக்கினுதான் போவும்."

அவர் கிழக்கே பார்த்தார். அங்கே மேடு எதுவும் அவருக்குத் தெரிந்திருக்காது. மழையில் நனைந்த சில பனைகள்தான் தெரிந்திருக்கும். மறுபடி நடந்தார். அத்தை வீட்டுக்குப் பத்தடி இருக்கும்போது, தூக்கிப் பிடித்திருந்த புடவையைக் கையிலிருந்து விட்டார். அது கணுக்காலில் விழுந்து தரையைத் தொட்டது. பின்னால் திரும்பாமலே மருமகளிடம், "பாத்து வா, வழுக்குது," என்றார்.